சேலம் சீமையிலிருந்து கடல் கடந்த முன்னோர்: குடும்ப வரலாறு தேடும் முறை

குடும்ப வரலாற்றுத் தேடல் என்பது ஒருவரின் முன்னோர் யார், எந்த ஊரினர், எப்போது எங்கே சென்றனர் என்பதைப் பதிவேடுகளையும் வாய்மொழிச் செய்திகளையும் சேர்த்து வைத்துக் கண்டறிவதாகும். இன்றைய சேலம், நாமக்கல் மாவட்டச் சமவெளியிலிருந்து 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மொரிசியஸ், நேட்டால், பிஜி, மலாயா, இலங்கை ஆகிய நாடுகளுக்குக் கூலிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் இப்போது தம் ஊரைத் தேடுகிறார்கள். இங்கே இருப்பவர்களிலும் சிலர், "எங்க அப்பாருகூடப் பொறந்தவரு ஒருத்தரு கப்பலேறிப் போனாராம், திரும்பவே இல்லை" என்ற ஒற்றை வரியை மட்டும் வைத்துக்கொண்டு தேடுகிறார்கள். இரு தரப்பினருக்கும் பயன்படும் வழிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏன் போனார்கள்

காவிரிக்கரையை விட்டால் இப்பகுதி பெரும்பாலும் மானாவாரி. சோளம், கம்பு, ராகி, ஆமணக்கு, நிலக்கடலை என்று மழையை நம்பிய வேளாண்மை. மழை பொய்த்தால் முதலில் பட்டினி கிடப்பவர்கள் நிலமற்ற கூலியாட்களும் நெசவாளர்களும்தான். 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும்பஞ்சம் சேலம் ஜில்லாவை மிகக் கடுமையாகத் தாக்கியது. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் இருந்த ஜில்லா மக்கள்தொகை, 1881 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 16 லட்சமாகச் சுருங்கியிருந்தது. இறந்தவர்கள் பாதை நெடுகிலும் கிடந்தார்கள். உயிரோடிருந்தவர்களில் நடக்க முடிந்தவர்கள் வேலை தேடி வெளியேறினார்கள். அந்த ஆண்டுகளில் இலங்கைத் தோட்டங்களை நோக்கிப் பெருங்கூட்டம் சென்றது.

பஞ்சம் மட்டுமே காரணம் என்று எழுதிவிடுவது எளிது. கடன், சாதிக் கொடுமை, குடும்பச் சண்டை, கணவனை இழந்த பெண்ணுக்கு ஊரில் இடமில்லாமை, ஆள்பிடிப்பவரின் ஆசை வார்த்தை ஆகியவையும் காரணங்களே. இவை பதிவேட்டில் ஏறுவதில்லை என்பதால் தேடுகிறவர் கண்ணில் படுவதில்லை.

"சேலம்" என்றால் எந்தச் சேலம்

தேடல் பெரும்பாலும் இங்கேதான் தடம் மாறுகிறது. கப்பல் பட்டியலில் "ஜில்லா சேலம்" என்று இருந்தவுடன், தேடுகிறவர் விமானமேறிச் சேலம் மாநகரத்துக்கு வந்து இறங்கிவிடுகிறார். அந்தக் காலத்துச் சேலம் ஜில்லா இன்றைய மாவட்டம் அன்று. திப்பு சுல்தானின் ஆட்சிப் பகுதியிலிருந்து 1792இலும் 1799இலும் கும்பினியின் கைக்கு வந்த பகுதியை மூன்றாகப் பிரித்துப் பேசுவார்கள். சேலம், ஆத்தூர், நாமக்கல், திருச்செங்கோடு முதலியவை தாலாகாட். தருமபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, திருப்பத்தூர் ஆகியவை பாராமகால். 1799இல் வந்த ஓசூர்ப் பகுதி பாலாகாட். மூன்றும் சேர்ந்ததே சேலம் ஜில்லா.

பின்னர் எல்லைகள் மாறிக்கொண்டே இருந்தன. 1910இல் நாமக்கல் தாலுகா திருச்சிராப்பள்ளி ஜில்லாவோடு சேர்க்கப்பட்டு, 1929இல் மீண்டும் சேலத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டான 1911இல் திருப்பத்தூர் வட ஆர்க்காட்டுக்குப் போனது. 1965இல் தருமபுரி தனி மாவட்டமானது. 1997 தொடக்கத்தில் நாமக்கல். 2004இல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி. ஆக, 1890இல் நேட்டாலுக்குப் போனவரின் "சேலம்" இன்றைக்கு ஐந்து மாவட்டங்களில் எதிலும் இருக்கலாம். அதேபோல் 1915இல் மோகனூர்ப் பக்கமிருந்து பிஜிக்குப் போனவர் பட்டியலில் "திருச்சினாப்பள்ளி" ஜில்லாக்காரராக இருப்பார். "எங்கள் தாத்தா நாமக்கல் என்று சொல்வார்கள், ஆனால் பதிவில் திருச்சி என்று இருக்கிறதே, இது வேறு ஆளோ" என்று ஐயப்படத் தேவையில்லை. சென்ற ஆண்டைப் பார்க்க வேண்டும், அவ்வளவே.

எல்லைகளைச் சரிபார்க்க 1883இல் வெளிவந்த லெ ஃபானுவின் சேலம் ஜில்லாக் கையேடும், 1918இல் வெளிவந்த ரிச்சர்ட்ஸின் கெசட்டியரும் உதவும்.

எந்த நாட்டில் என்ன பதிவு உள்ளது

நேட்டாலுக்கான பதிவுகளே நம் பகுதிக்கு மிகவும் பயனுள்ளவை. சென்னையிலிருந்து புறப்பட்ட "ட்ரூரோ" கப்பல் 342 பேருடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை சுமார் 1,52,000 பேர் நேட்டாலுக்குச் சென்றார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியே போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண் கொடுக்கப்பட்டது. அந்த எண்ணுக்கு நேராகப் பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, உயரம், ஜில்லா, தாணா, கிராமம், உடல் அடையாளங்கள் ஆகியவை எழுதப்பட்டன. சென்னை மாகாணத்தவரைப் பொறுத்தவரை "தாணா" என்ற கட்டத்தில் இருப்பது பெரும்பாலும் தாலுகா. இந்தப் பட்டியல்கள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கணினியில் தேடும் வகையிலும் தொகுக்கப்பட்டுள்ளன. வட ஆர்க்காட்டைப் போலவே சேலமும் இவற்றில் அடிக்கடி வரும் ஜில்லாப் பெயர்.

மொரிசியஸுக்கு 1834 முதல் சென்றவர்கள் நான்கரை லட்சம் பேர். அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் 2006 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். குடியேற்றப் பதிவேடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1860களிலிருந்து குடியேறியவர்களின் புகைப்படங்களும் அங்குண்டு. ஐந்து தலைமுறைக்கு முந்தைய பாட்டனின் முகத்தைப் பார்க்கும் வாய்ப்பு நம் ஊரில் நிலக்கிழாருக்கே வாய்க்காதது. ஒரு கரும்புத் தோட்டக் கூலியின் பேரனுக்கு அங்கே வாய்க்கிறது. ஆனால் தொடக்க ஆண்டுப் பதிவுகளில் ஊர் விவரம் மிகக் குறைவு.

பிஜிக்கு 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 பேர் சென்றனர். சென்னையிலிருந்து கப்பல் போனது 1903க்குப் பிறகுதான். அவ்வாறு சென்றவர்கள் ஏறத்தாழ 15,000 பேர். ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு உண்டு. அதில் நெருங்கிய உறவினர் பெயரும் இடம்பெறும் என்பது தனிச்சிறப்பு. இச்சீட்டுகள் சுவாவிலுள்ள பிஜி தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

ஒரு வரியைப் படிக்கும் விதம்

மாணவர்களுக்கு விளங்குவதற்காக ஒரு வரியைக் கற்பித்துக்கொள்வோம். பெயர் "சின்னமூட்டூ", தகப்பன் "பெரியானன்", வயது 24, ஜில்லா "சேலம்", தாணா "திரிச்சன்கோடு", கிராமம் "பூதுபோலியம்", இடது முழங்காலில் தழும்பு.

இதை ஆங்கில எழுத்தில் பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் புலப்படாது. வாய்விட்டுப் படிக்க வேண்டும். சின்னமுத்து, பெரியண்ணன், திருச்செங்கோடு, புதுப்பாளையம் என்று காதில் விழும். எழுதியவர் பெரும்பாலும் டிப்போவிலிருந்த எழுத்தர். சொன்னவருக்கு எழுத்துத் தெரியாது. சொன்னது நம் வட்டார வழக்கில். "இராசிபுரம்" என்பதை "ராசீரம்" என்பது போல ஊரார் விரைந்து சொல்வதை அவர் எப்படிக் கேட்டாரோ அப்படி எழுதினார். பழைய ஆங்கில வழக்கில் திருப்பத்தூர் "திரிபத்தோர்" ஆகும். சங்ககிரி "சங்கரிதுர்க்" ஆகும். ர, ற வேறுபாடும் ல, ள, ழ வேறுபாடும் அடியோடு மறைந்துவிடும். ஆகவே ஊர்ப்பெயரைத் தமிழில் எத்தனை வகையாக எழுத முடியுமோ அத்தனையையும் எழுதிக்கொண்டு தேட வேண்டும்.

அடுத்த சிக்கல், புதுப்பாளையம் ஒன்றா இரண்டா? புதூர், புதுப்பாளையம், குமாரபாளையம், நல்லூர் போன்ற பெயர்கள் வட்டத்துக்கு வட்டம் உண்டு. குக்கிராமத்துக்காரர் தம் ஊரைச் சொல்லாமல், பக்கத்துப் பெரிய ஊரையோ சந்தை கூடும் ஊரையோ சொல்லியிருக்கவும் கூடும். நாமும் வெளியூரில் அப்படித்தான் சொல்கிறோம்.

வயதை நம்பவே கூடாது. அது எழுத்தர் ஆளைப் பார்த்துப் போட்ட மதிப்பீடு. இதில் அந்த எழுத்தரைக் குறைகூற எனக்குத் தகுதியில்லை. தலைக்கு மேல் கையைச் சுற்றிக் காதைத் தொட்ட பிள்ளைகளுக்கெல்லாம், ஜூன் மாதத்தில் ஐந்து வயது நிறையும்படி ஒரு தேதியைப் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் எழுதிய வாத்தியார்களின் வரிசையில் வந்தவன் நான். அந்தத் தேதிகளே பிறகு பணி ஓய்வுத் தேதிகளாகவும் ஆயின!

சாதிக் கட்டத்தையும் கவனமாகக் கையாள வேண்டும். அங்கே இருப்பது சொன்னவர் சொன்னதா, ஆள்பிடிப்பவர் சொல்லச் சொன்னதா, எழுத்தர் ஊகித்ததா என்று அறிய வழியில்லை. கடல் கடக்கும்போது சாதிப் பெயரை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அதற்கு அவர்களிடம் நியாயமும் இருந்தது.

டென்மார்க்கில் நடந்தது, நமக்கும் நடந்தது

பெயர்களைப் புரிந்துகொள்ள ஒரு வெளிநாட்டு உதாரணம் உதவும். தரங்கம்பாடியை 1620 முதல் 1845 வரை தம்மிடம் வைத்திருந்த டேனியரின் நாட்டில், சாதாரணக் குடும்பங்களுக்கு நெடுங்காலம் நிலையான குடும்பப் பெயர் கிடையாது. யென்ஸ் என்பவரின் மகன் பீட்டர் என்றால் பீட்டர் யென்சன். அவர் மகன் ஹான்ஸ் என்றால் ஹான்ஸ் பீட்டர்சன். தகப்பன் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறும், நம் முதலெழுத்தைப் போலவே. 1828இல் அரசு ஆணையிட்டு நிலையான குடும்பப் பெயரைப் புகுத்தியது. நாட்டுப்புறத்தில் அது முழுதாக நிலைபெற மேலும் பல பத்தாண்டுகள் ஆயின. அப்படி நிலைபெற்றபோது, அந்தக் கணத்தில் யார் தகப்பனோ அவர் பெயரே குடும்பப் பெயராக உறைந்துபோனது. இன்று டென்மார்க்கில் யென்சன்களும் நீல்சன்களும் நிறைந்திருப்பதற்கு இதுவே காரணம்.

நம்மவருக்குக் கப்பல் துறையில் இதுவே ஒரே நாளில் நடந்தது. மொரிசியஸில் வீராசாமி, ராமசாமி, சுப்பராயன் என்பவை இன்று குடும்பப் பெயர்கள். அந்தப் பெயருடையவர் கப்பலேறியவராகவோ அவருடைய தகப்பனாகவோ இருப்பார். எனவே ஒரே குடும்பப் பெயர் இருப்பதாலேயே இருவர் பங்காளிகள் ஆகிவிட மாட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் வேறொரு போக்கும் உண்டு. அங்கே நாயுடு, பிள்ளை, முதலியார், படையாச்சி போன்ற பட்டங்கள் குடும்பப் பெயராயின. "மூட்லி" என்பது முதலியார். "கவுண்டன்" என்றும் "கோவெண்டர்" என்றும் வழங்குவது நம் கவுண்டரே என்பர்.

டேனியரிலும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் முதல் உலகப் போருக்கு முந்தைய அரை நூற்றாண்டில், பெரும்பாலும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1869 முதல் கோபன்ஹேகன் காவல்துறை அவர்களின் பெயர், வயது, தொழில், கடைசியாக வாழ்ந்த ஊர், போகுமிடம் ஆகியவற்றைப் பதிவு செய்தது. பயண முகவர்கள் ஏழைகளை ஏமாற்றாமல் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அவர்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து தேவாலயங்கள் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை எழுதிவைத்தன. கப்பல் பட்டியலில் ஊர் கிடைத்தால் போதும், அவ்வூர்த் தேவாலய ஏட்டில் தாத்தாவின் தாத்தா வரை போய்விடலாம். ஏடுகளின் படங்கள் இணையத்தில் இலவசமாகவே உள்ளன. நமக்குக் கப்பல் பட்டியல் அவர்களுடையதைவிட விரிவானது, தழும்புகூட உண்டு. ஊருக்கு வந்த பிறகு ஒப்பிட ஏடு இல்லை. தரங்கம்பாடி போல மிஷன் இருந்த ஊர்களிலும், லண்டன் மிஷன் 1827 முதல் பணியாற்றிய சேலத்திலும், பழைய கத்தோலிக்கப் பங்குகளிலும் கிறித்தவக் குடும்பங்களுக்கு மட்டும் இது ஓரளவு கைகூடும்.

காகிதமில்லாத பயணம்: மலாயாவும் இலங்கையும்

நம் பகுதியிலிருந்து மிகுதியாகப் போனது இந்த இரு நாடுகளுக்கே. பதிவு குறைவாக இருப்பதும் இவற்றுக்கே. காரணம் கங்காணி முறை. தோட்டத்துக் கங்காணி தம் ஊருக்கு வந்து, உறவினரையும் அண்டை ஊராரையும் முன்பணம் கொடுத்துக் கூட்டிச் செல்வார். ஆளுக்கு ஆள் ஒப்பந்தப் பத்திரம் எழுதும் தேவை இல்லை; கடன் கங்காணியின் கணக்கில் இருந்தது. மலாயாவுக்கு நாகப்பட்டினம், சென்னைத் துறைமுகங்கள் வழியாகச் சென்றார்கள். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடை செய்தது. ஆனால் இந்த முறையில் ஒரு நன்மையும் உண்டு: ஒரே தோட்டத்தில் ஒரே வட்டாரத்தார் இருப்பார்கள். ஆகவே தம் தாத்தாவின் ஊர் தெரியாதவர், அதே தோட்டத்துப் பழைய குடும்பங்களின் ஊரை விசாரித்தால் தம் ஊரும் அதன் அருகில் இருக்க வாய்ப்பு மிகுதி.

இலங்கையில் குடும்ப வரலாறு என்பது ஓய்வுநேர ஆர்வமாக இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையிலேயே பிறந்தவரும் தம் தந்தை அங்கே பிறந்தவர் என்றோ, பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தவர்கள் என்றோ நிறுவ வேண்டியிருந்தது. லயத்தில் பிறந்து லயத்தில் இறந்தவர்களிடம் பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கும்? காகிதம் காட்ட முடியாததால் லட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டுச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் சுமார் 9,75,000 பேரைப் பற்றியது. அதில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்றும் 3,00,000 பேரை இலங்கை ஏற்பதென்றும் முடிவாகி, மீதி 1,50,000 பேரின் கதி 1974 வரை தொங்கலில் நின்றது. இப்படித் திரும்பி வந்த குடும்பங்களிடம் உள்ள குடும்ப அட்டை, கடவுச்சீட்டு, தோட்டத்துப் "பத்துச்சீட்டு" ஆகியவை இன்று முதல்தர ஆவணங்கள். பழைய தகரப் பெட்டியைக் காலி செய்கிறோம் என்று இவற்றை எரித்துவிட வேண்டாம்.

ஊருக்கு வந்த பின்

கிராமம் ஏறக்குறையத் தெரிந்துவிட்டால் மீதி வேலை இங்கே. பலர் முதலில் நில ஆவணங்களைத் தேடுகிறார்கள். சிட்டா, அடங்கல், நிலவரித் திட்டப் பதிவேடு ஆகியவை நிலம் வைத்திருந்தவர்களின் பெயரைத்தான் சொல்லும். கப்பலேறியவர்களில் பெரும்பாலோருக்கு நிலமில்லை. தகப்பனோ அண்ணனோ பட்டாதாரராக இருந்திருந்தால் மட்டும் பயன் உண்டு. பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிக்கப்பட்டபோது, பல வீடுகளில் பரணில் கிடந்த பழைய கணக்குக் கட்டுகளும் மதிப்பிழந்து போய்விட்டன.

நம் பகுதியில் காகிதத்தைவிட வலுவான சான்று குலதெய்வம். ஊர்ப்பெயரை மறந்த குடும்பம்கூடச் சாமியின் பெயரை மறப்பதில்லை. மாரியம்மன், முனியப்பன் என்று பொதுப்பெயர் இருந்தால் உதவி குறைவு. அதோடு ஊர்ப்பெயரோ, மலைப்பெயரோ, "அத்தனூர் அம்மன்" என்பது போல இடம் சார்ந்த பெயரோ ஒட்டியிருந்தால் பாதி வழி கடந்தாயிற்று. கொங்கு வேளாளருக்குக் கூட்டப் பெயரும் காணிக்கோயிலும், மற்ற சமூகங்களுக்கு அவரவர் வகையறாப் பெயரும் இதே வேலையைச் செய்யும். கோயில் நோன்புக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் பழைய நோட்டுகளில் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் ஆண்டு வாரியாக இருக்கும். பூசாரியையும் ஊர்க்கவுண்டரையும் கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கும் வழக்கம் இருந்ததால், பெரியண்ணன், சின்னமுத்து, பெரியண்ணன் என்று பெயர்கள் ஒன்றுவிட்ட தலைமுறையில் திரும்பி வருவதும் நல்ல குறிப்பே.

பெண் முன்னோரைத் தேடுவது இன்னும் கடினம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்ற விதியால் தனியாகப் போன பெண்கள் கணிசமானவர்கள். பட்டியலில் அவர்களும் தகப்பன் பெயரோடும் ஊரோடும்தான் பதிவாகியிருக்கிறார்கள். ஆனால் இங்குள்ள குடும்ப மரத்தில் அப்படிப் போன பெண்ணின் பெயரை நீக்கிவிட்டார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் வந்து விசாரித்தால் "அப்படி யாருமில்லை" என்ற பதில் உடனே கிடைக்கும். அதை முடிந்த முடிவாகக் கொள்ளாமல், அவ்வூரில் வாழ்க்கைப்பட்ட வயதான பெண்களிடமும் தனியே பேசிப் பார்க்க வேண்டும்.

ஆவணச் சான்றுக்கு இப்போது சட்டப் பயனும் உண்டு. மொரிசியஸில் வாழும் இந்திய வம்சாவளியினரில் ஏழாம் தலைமுறையினரும் வெளிநாடு வாழ் இந்தியக் குடியுரிமை அட்டைக்கு விண்ணப்பிக்கலாம் என்று 2024இல் அறிவிக்கப்பட்டது. அதற்குத் தலைமுறைத் தொடர்ச்சியைக் காட்டும் சான்றுகள் வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. காரில் வந்து இறங்கி, கையில் பழைய காகிதத்தோடு "என் கொள்ளுத்தாத்தாவின் வீடு எது" என்று கேட்டால், ஊராருக்கு முதலில் தோன்றுவது "நெலத்துல பங்கு கேக்க வந்துருக்காங்களோ" என்பதுதான். இந்த அச்சத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது. பாகப்பிரிவினை வழக்கால் அலைந்த குடும்பங்கள் இங்கே ஏராளம். பள்ளித் தலைமையாசிரியரையோ கோயில் பூசாரியையோ முதலில் பார்த்து, சொத்துக்காக வரவில்லை, சாமி கும்பிட வந்திருக்கிறோம் என்று அவர் வாயால் சொல்ல வைப்பது நல்லது. காலனி எண், கப்பல் பெயர், வந்த ஆண்டு, பட்டியல் வரியின் நகல், குலதெய்வத்தின் பெயர் ஆகியவற்றைத் தமிழில் ஒரே தாளில் எழுதி, ஊரில் ஒரு பிரதியை விட்டுவிட்டுச் செல்ல வேண்டும். அன்றைக்குத் தெரியாது என்றவர், அடுத்த ஆடி நோன்பில் பங்காளிகள் கூடும்போது அந்தத் தாளை எடுத்துக் காட்டுவார்.